மோட்டாருக்கு முன்னால் ப்ரொப்பெல்லர்

மாதிரி விமானம் கட்டிப் பறக்கவிடும் ஆசை வந்த எவரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த மோட்டார் வாங்கலாம்?" பள்ளிக்கூடப் பையனும் இதைத்தான் கேட்பான், ஓய்வுபெற்ற வங்கி மேலாளரும் இதைத்தான் கேட்பார். எதிரில் இருப்பவர் கொஞ்சம் அனுபவசாலி என்றால் நேராகப் பதில் சொல்ல மாட்டார். "அது கிடக்கட்டும் தம்பி, ப்ளேன் எவ்வளவு எடை? என்ன வேகத்துல பறக்கணும்? தரையில இடிக்காம எவ்வளவு பெரிய ப்ரொப்பெல்லர் சுத்த முடியும்? அதைச் சொல்லுங்க, மோட்டார் தானா வரும்" என்பார்.

கேட்டவருக்கு எரிச்சல் வரும். மோட்டார்தானே இதயம்? ப்ரொப்பெல்லர் என்பது முன்னால் மாட்டுகிற நூறு இருநூறு ரூபாய் பிளாஸ்டிக் துண்டு. விலை அதிகமான பொருளை முதலில் தேர்ந்தெடுப்பதுதானே உலக வழக்கம்?

நான் மின்பொறியியல் படித்தவன். எனக்கும் மோட்டார்தான் கதாநாயகன் என்று தோன்றும். ஆனால் மின்சாரத்தில் பறந்த முதல் பொருட்களிலிருந்து இன்றைய ட்ரோன் வரைக்குமான சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. ப்ரொப்பெல்லர் என்ன கேட்கிறது என்பது மிக ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. அது கேட்டதைக் கொடுக்கக்கூடிய மோட்டார் வந்துசேரத்தான் நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதைக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் பாதிப் பேர் பொழுதுபோக்குக்காரர்கள்.

பாரிஸில் மூன்று பறப்புகள்

1871 ஆகஸ்ட் 18. பாரிஸின் துய்லரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற 21 வயது இளைஞர் ஒரு சிறிய மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார். முறுக்கிய ரப்பர் பட்டைதான் எஞ்சின். 11 வினாடிகளில் சுமார் 40 மீட்டர் பறந்தது. தன் சமநிலையைத் தானே காத்துக்கொண்டு பறந்த மாதிரி விமானம் என்று சரித்திரம் அதை நினைவில் வைத்திருக்கிறது. பெனோ அதற்குப் 'பிளானோஃபோர்' என்று பெயர் வைத்தார். அதன் படத்தைப் பார்க்கும் எவருக்கும் கண்ணில் படுவது அந்த ப்ரொப்பெல்லர். இறக்கையோடு ஒப்பிட்டால் அவ்வளவு பெரியது. ரப்பரிடம் இருக்கும் சக்தி கொஞ்சம். அதை மெதுவாக, பெரிய விசிறி வழியாகச் செலவழித்தால்தான் நீடிக்கும் என்று பெனோவின் கைக்குத் தெரிந்திருந்தது.

பத்து வருடம் கழித்து, 1881-இல், அதே பாரிஸில் சர்வதேச மின்சாரக் கண்காட்சி நடந்தது. காஸ்தோன் திஸாந்தியே அங்கே சுமார் மூன்றரை மீட்டர் நீளமுள்ள ஒரு மாதிரி ஆகாயக் கப்பலைக் காட்டினார். அதன் ப்ரொப்பெல்லரைச் சுழற்றியது குஸ்தாவ் த்ரூவே செய்த 220 கிராம் மின்மோட்டார். மின்சாரத்தில் பறந்த மாதிரிகளின் வம்சாவளி இங்கிருந்து தொடங்குகிறது.

1883 அக்டோபர் 8 அன்று திஸாந்தியே சகோதரர்கள் தாங்களே ஏறி அமர்ந்து பறந்தார்கள். ஒன்றரைக் குதிரைசக்தி சீமென்ஸ் மோட்டார், பைக்ரோமேட் மின்கலங்கள். அடுத்த வருடம், 1884 ஆகஸ்ட் 9-இல், ஷார்ல் ரெனாரும் ஆர்தர் கிரெப்ஸும் 'லா ஃப்ரான்ஸ்' என்ற ஆகாயக் கப்பலில் எட்டரைக் குதிரைசக்தி மின்மோட்டாரோடு கிளம்பி, 23 நிமிடத்தில் 8 கிலோமீட்டர் சுற்றி, புறப்பட்ட இடத்திலேயே வந்து இறங்கினார்கள். பெட்ரோல் விமானம் பிறப்பதற்குப் பத்தொன்பது வருடம் முன்பு மின்சாரத்தில் ஒரு முழுச் சுற்று முடிந்துவிட்டது.

இந்த மின்சாரக் கப்பல்களுக்கு ஒரு பொது அம்சம் உண்டு. ப்ரொப்பெல்லர் பெரியது, அது மெதுவாகச் சுழன்றது. இன்னொரு பொது அம்சமும் உண்டு. அவற்றின் எடையைத் தாங்கியது இறக்கை இல்லை, வாயு நிரப்பிய பை. 'லா ஃப்ரான்ஸ்' சுமந்த பேட்டரி மட்டும் 400 கிலோவுக்கு மேல். அந்த எடையை இறக்கையால் தூக்குவது அன்றைக்கு நடக்கிற காரியம் இல்லை.

பனையோலை விசிறியின் கணக்கு

ஏன் பெரியதாக, மெதுவாக?

ஓலை விசிறியால் வீசிக்கொண்டவர்களுக்கு இது தெரியும். அகலமான விசிறியை நிதானமாக ஆட்டினால் கை வலிக்காமல் காற்று வரும். அதே காற்றை ஒரு விசிட்டிங் கார்டால் வரவழைக்க வேண்டுமென்றால் கை கழன்றுவிடும். ப்ரொப்பெல்லர் செய்வது காற்றைப் பின்னால் தள்ளுவது. தள்ளிய காற்றின் நிறையும் அதன் வேகமும் பெருகியதுதான் நமக்குக் கிடைக்கும் உந்துவிசை. ஆனால் அதற்கு நாம் செலவழிக்கும் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. ஆக, கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிட நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது மலிவு. 1865-இல் ராங்கின் கப்பல் ப்ரொப்பெல்லர்களுக்காகத் தொடங்கி, பின்னால் ஃப்ரூட் செம்மைப்படுத்திய கோட்பாட்டின் சாரம் இதுதான். நின்ற இடத்தில் ஒரே அளவு உந்துவிசை வேண்டும், விட்டத்தை மட்டும் இரட்டிப்பாக்குகிறோம் என்றால், தேவைப்படும் சக்தி ஏட்டுக்கணக்கில் பாதியாகிவிடும்.

ரைட் சகோதரர்கள் ப்ரொப்பெல்லர் செய்ய உட்கார்ந்தபோது, கப்பல்காரர்களிடம் தயார் வாய்பாடு இருக்கும் என்று நம்பித்தான் நூலகத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு உதவும்படி எதுவும் கிடைக்கவில்லை. ப்ரொப்பெல்லர் என்பது காற்றைத் துளைக்கிற திருகு இல்லை, வட்டத்தில் பறக்கிற இறக்கை என்று அவர்களாகவே கண்டுபிடித்தார்கள். அண்ணனும் தம்பியும் இதைப் பற்றி விடிய விடியச் சண்டை போட்டு, கடைசியில் ஒருவர் கட்சியை மற்றவர் ஏற்றுக்கொண்டு மறுபடி எதிரெதிராக நின்றார்களாம். 1903 விமானத்தில் எஞ்சின் 12 குதிரைசக்திதான். அதை நேராக ப்ரொப்பெல்லரில் மாட்டவில்லை. சைக்கிள்காரர்கள் இல்லையா, பல்சக்கரமும் செயினும் போட்டு வேகத்தைக் குறைத்து, எட்டரை அடி விட்டமுள்ள இரண்டு ப்ரொப்பெல்லர்களைச் சுழற்றினார்கள். அவற்றைப் போலவே செய்து நம் காலத்தில் சோதித்துப் பார்த்தபோது திறன் 75 சதவீதத்தைத் தொட்டது. எஞ்சின் அன்றைய அளவுகோலிலேயே சுமார் ரகம். ப்ரொப்பெல்லர் முதல் ரகம். பறந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

முடியாது என்று சொல்லத் தெரியாத யந்திரம்

இப்போது மோட்டாருக்கு வருவோம். சின்ன மோட்டாரின் சுபாவம் ப்ரொப்பெல்லரின் விருப்பத்துக்கு நேர் எதிர். அதற்கு வேகமாகச் சுழல்வதுதான் பிடிக்கும்.

மோட்டார் பெட்டியில் '1000 கேவி' என்று போட்டிருப்பார்கள். கிலோவோல்ட் இல்லை. ஒரு வோல்ட் கொடுத்தால், சுமை ஏதும் இல்லாதபோது, நிமிடத்துக்கு 1000 சுற்று என்று அர்த்தம். இந்த எண் பெரிதாக இருந்தால் மோட்டார் வலுவானது என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. ஒரு ஆம்பியருக்கு எவ்வளவு முறுக்குவிசை கிடைக்கும் என்பது இந்த எண்ணுக்குத் தலைகீழ். 9.55-ஐ கேவியால் வகுத்தால் ஆம்பியருக்கு எத்தனை நியூட்டன்-மீட்டர் என்று வந்துவிடும். வேகம் கூடினால் பிடிமானம் குறையும். சைக்கிள் கியர் மாதிரித்தான்.

இதைவிட முக்கியமான குணம் ஒன்று உண்டு. பெட்ரோல் எஞ்சினில் பொருந்தாத பெரிய ப்ரொப்பெல்லரை மாட்டினால் அது திணறும், வேகம் இறங்கும், முனகும், நின்றும் போகும். "என்னால முடியல" என்று அதற்குச் சொல்லத் தெரியும். மின்மோட்டாருக்குத் தெரியாது. அது தன் வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். சுமை ஏற ஏற அதற்கேற்ப பேட்டரியிலிருந்து கரண்ட்டை இழுத்துக்கொண்டே போகும். கரண்ட் இரண்டு மடங்கானால் கம்பிச்சுற்றில் உண்டாகும் சூடு நான்கு மடங்கு. கம்பியின் எனாமல் பூச்சு கருகும் வரை, காந்தம் தன் வலுவை இழக்கும் வரை, அது சொன்ன வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். இவ்வளவு விசுவாசம் ஆபத்தானது. எஞ்சின் உலகில் எஞ்சின்தான் எல்லையைச் சொல்லும். மின்சார உலகில் எல்லையைச் சொல்வது ப்ரொப்பெல்லர். அந்த அனுபவசாலி முதலில் ப்ரொப்பெல்லரைக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

வெள்ளி, துத்தநாகம், இரும்பில்லாத மோட்டார்

ரேடியோவால் இயக்கப்பட்ட மின்சார மாதிரி விமானத்தின் முதல் பதிவான பறப்பு 1957 ஜூன் 30-இல் இங்கிலாந்தில் நடந்தது. செய்தவர் கர்னல் ஹெச். ஜே. டாப்ளின். விமானம் 'ரேடியோ குவீன்', இறக்கை ஏழடி. மோட்டார் 24 வோல்ட் எமர்சன், பேட்டரி வெள்ளி-துத்தநாகக் கலங்கள். வேடிக்கை என்னவென்றால், மாதிரி விமானக்காரர்கள் டாப்ளினை இன்றும் நினைப்பது அவர் பெயர் தாங்கிய இரட்டை சிலிண்டர் டீசல் எஞ்சினுக்காக. வெள்ளி பேட்டரி எல்லோர் வீட்டுக்கும் கட்டுப்படியாகிற பொருளா என்ன? அந்தப் பறப்பு பதிவேட்டில் தங்கியது. மைதானங்கள் எஞ்சின் சத்தத்திலேயே இருந்தன.

மறுபக்கத்திலிருந்து வந்தவர் ஃப்ரெட் மிலிட்கி. ஜெர்மனியின் கிரௌப்னர் மாதிரி விமான நிறுவனத்தில் வடிவமைப்பாளர். அவர் பெரிய மோட்டாரைத் தேடவில்லை, வீணடிக்காத மோட்டாரைத் தேடினார். ஃப்ரிட்ஸ் ஃபௌல்ஹாபர் அப்போது ஒரு புதிய மோட்டாரை உருவாக்கியிருந்தார். அதன் சுழலும் பாகத்தில் இரும்பே கிடையாது. கூடை பின்னினாற்போலச் சாய்வாகச் சுற்றிய செப்புக்கம்பி மட்டும் மணி வடிவில் சுழலும். இரும்பு இல்லாததால் இரும்பில் ஏற்படும் இழப்பும் இல்லை. மிலிட்கி இந்தச் சின்ன மோட்டாருக்குக் கியர் போட்டு, ஒல்லியான, பெரிய ப்ரொப்பெல்லரை மெதுவாகச் சுழற்றினார். 1960-இல் வந்த அவருடைய 'சைலன்டியஸ்' கடையில் வாங்கிக் கட்டக்கூடிய மின்சார மாதிரி. பெயருக்கேற்ற மௌனம்.

மிலிட்கி அதோடு நிற்கவில்லை. 1973 அக்டோபர் 21-இல் ஆஸ்திரியாவில் ஹைனோ ப்ரிட்ச்கா என்பவர் ஒரு மோட்டார் கிளைடரில் எஞ்சினுக்குப் பதிலாக மின்மோட்டாரும் நிக்கல்-காட்மியம் பேட்டரிகளும் வைத்துப் பறந்தார். மனிதன் மின்சாரத்தால் இயங்கும் விமானத்தில் பறந்தது அதுதான் முதல் தடவை. அந்த விமானத்தின் பெயர் எம்பி-ஈ1. அதில் 'எம்' என்பது மிலிட்கி. மாதிரி விமானக்காரர் ஒருவர் நிஜ விமானத்துக்கு வழிகாட்டிய கதை இது.

வாட் என்கிற நாணயம்

அமெரிக்காவில் இதே வேலையைச் செய்தவர்கள் ராபர்ட் பௌச்சர், ரோலண்ட் பௌச்சர் என்ற சகோதரர்கள். (ஆகாயத்துக்கும் சகோதரர்களுக்கும் என்ன ராசியோ!) கலிஃபோர்னியாவில் ஆஸ்ட்ரோ ஃப்ளைட் என்ற பெயரில் மாதிரி விமானங்களுக்கு மின்மோட்டார் செய்து விற்றார்கள். 1974 நவம்பர் 4-இல் இவர்களுடைய 'சன்ரைஸ்' விமானம் கேம்ப் இர்வினின் வறண்ட ஏரிப்படுகையில் எழும்பியது. 32 அடி இறக்கை, 12 கிலோவைத் தாண்டிய எடை, 4096 சூரியக் கலங்கள், மொத்தம் 450 வாட். சூரிய ஒளியை மட்டும் தின்று பறந்த முதல் விமானம்.

450 வாட் என்றால் வீட்டு மிக்ஸி அளவு. 32 அடி இறக்கையை அவ்வளவு சக்தியில் நகர்த்த வேண்டும் என்றால் ஒவ்வொரு வாட்டுக்கும் கணக்கு எழுதியாக வேண்டும். அந்தக் கணக்குப்பிள்ளை புத்திதான் பௌச்சர்கள் பொழுதுபோக்குக்குக் கொடுத்த பெரிய தானம் என்று நான் நினைக்கிறேன். எஞ்சின்காரர்கள் கன அங்குலத்தில் பேசினார்கள். மின்சாரக்காரர்கள் வாட்டில் பேசக் கற்றுக்கொண்டார்கள். ப்ரொப்பெல்லர் எவ்வளவு சக்தியைத் தின்னும் என்பதற்கு ராபர்ட் பௌச்சர் பரப்பிய எளிய வாய்பாடு இன்றும் புழங்குகிறது: விட்டத்தின் நான்காம் மடி, பிட்ச், சுற்றுவேகத்தின் மும்மடி, இவற்றைப் பெருக்கி ஒரு மாறிலியோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பிட்ச் என்பது ஒரு சுற்றுக்கு ப்ரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம். திருகாணியின் மரை இடைவெளி போல.

நான்காம் மடி! பத்து அங்குலத்துக்குப் பதில் பதினொன்று மாட்டினால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அதே வேகத்தில் சுழற்ற 46 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். பதினொன்றிலிருந்து பதின்மூன்றுக்குப் போனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 'கொஞ்சம் பெருசா மாட்டிப் பார்ப்போமே' என்ற ஆசையின் விலை இது.

பௌச்சர்களின் மோட்டாரைத்தான் பால் மக்கிரெடி தன் சூரிய விமானமான 'காஸமர் பெங்குவின்' பறக்க எடுத்துக்கொண்டார். அடுத்து வந்த 'சோலார் சாலஞ்சர்' 1981 ஜூலை 7-இல் ஆளோடு பாரிஸ் அருகிலிருந்து இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டி 262 கிலோமீட்டர் பறந்தது.

டப்பா மோட்டார்களின் காலம்

இவையெல்லாம் சாதனைகள். சாதாரண ஆளின் நிலைமை என்ன?

என் மேஜை இழுப்பறையில் இன்னும் ஒரு 'ஸ்பீட் 400' கிடக்கிறது. தகர டப்பாவுக்குள் ஃபெரைட் காந்தம், தேயும் கார்பன் பிரஷ். பொம்மை கார், ஹேர் டிரையர் போன்றவற்றுக்காக ஜப்பானின் மபூச்சி நிறுவனம் கோடிக்கணக்கில் செய்து தள்ளிய மோட்டார்களின் குடும்பம். மலிவு, எங்கும் கிடைக்கும். 1980-களிலும் 90-களிலும் மின்சாரப் பறப்பு இந்த டப்பாக்களின் தோளில்தான் நின்றது. ஐந்தாறு அங்குல ப்ரொப்பெல்லரை நேராக மாட்டினால் நிமிடத்துக்குப் பதினைந்தாயிரம் சுற்று, காதைத் துளைக்கும் சத்தம், பேட்டரியிலிருந்து எடுத்ததில் பெரும்பகுதி சூடாகவும் காற்றுச் சுழலாகவும் வீணாகும். கியர் பெட்டி வைத்துப் பெரிய ப்ரொப்பெல்லர் போட்டால் அதே மோட்டார் வேறு பிறவி எடுத்தாற்போல இழுக்கும். ரைட் சகோதரர்களின் செயின்தான் இங்கே பிளாஸ்டிக் பல்சக்கரமாக வந்திருந்தது. மூக்கில் குத்தி இறங்கும் ஒவ்வொரு தடவையும் பல் உடையும் என்பது தனி விஷயம்.

எஞ்சின் கோஷ்டி எங்களைப் பார்த்துச் சிரிப்பது வழக்கம். "என்ன சார், மிக்ஸி பறக்குதா?" பதில் சொல்ல நேரம் இருக்காது. ஐந்து நிமிடத்தில் பேட்டரி தீர்ந்துவிடும்.

அந்தச் சிரிப்பை நிறுத்தப்போகும் பொருள் அதற்குள் பிறந்துவிட்டிருந்தது. 1983-இல் ஜப்பானின் சுமிடோமோவில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் கிரோட்டும், தனித்தனியே, நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தத்தை அறிவித்தார்கள். ஃபெரைட்டைவிடப் பல மடங்கு வலு. 90-களில் பிரஷ் இல்லாத மோட்டார்கள் மாதிரி விமானங்களுக்கு வந்தன. பிரஷ் செய்த வேலையை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்தது. நல்ல சரக்கு, யானை விலை. அதிலும் காந்தம் பூட்டிய தண்டு ஒல்லியாக உள்ளே சுழலும் வகை என்பதால் வேகம் அதிகம், முறுக்குவிசை குறைவு. மறுபடியும் கியர் பெட்டி தேவைப்பட்டது.

தலைக்கு மேலே இருந்த விடை

நம் வீட்டு சீலிங் ஃபேனைக் கொஞ்சம் கவனியுங்கள். அதில் நடுத்தண்டு சுழல்வதில்லை. கம்பிச்சுற்று நடுவில் அசையாமல் இருக்கிறது, வெளிக்கூடு சுழல்கிறது, இறக்கைகள் அந்தக் கூட்டில் பூட்டப்பட்டிருக்கின்றன. கியர் இல்லாமல் பெரிய இறக்கையை மெதுவாகச் சுழற்ற இதைவிட நேரான வழி இல்லை. விசை செயல்படும் இடம் மையத்திலிருந்து தள்ளிப்போகப் போக முறுக்குவிசை கூடும். கிணற்று ராட்டினத்தின் நியாயம்.

இதே அமைப்பு இன்னொரு இடத்தில் ஒளிந்திருந்தது. கணினியின் சிடி ரோம் டிரைவில் தட்டைச் சுழற்றும் குட்டி மோட்டாரும் வெளிக்கூடு சுழலும் வகைதான், பிரஷும் கிடையாது. இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்த கையோடு, குப்பைக்குப் போன சிடி டிரைவ்களைப் பொழுதுபோக்குக்காரர்கள் பிரித்துப்போட ஆரம்பித்தார்கள். மெல்லிய கம்பியை அவிழ்த்துவிட்டுத் தடித்த கம்பியைக் கையால் சுற்றினார்கள். உள்ளே இருந்த காந்த வளையத்தைத் தூக்கிவிட்டு, பன்னிரண்டு குட்டி நியோடிமியம் துண்டுகளைப் பசைபோட்டு ஒட்டினார்கள். முப்பது கிராம்கூட வராத ஒரு மோட்டார், எட்டு அங்குல ப்ரொப்பெல்லரைக் கியர் இல்லாமல் நேராகச் சுழற்றி ஒரு சிறு விமானத்தைத் தூக்கியது.

ஜெர்மனியில் லூகாஸ், ரெட்ஸ்பாக், க்யூஃபுஸ் என்ற மூன்று மாதிரி விமானக்காரர்கள் இதே பாதையில் இன்னும் பெரிதாக யோசித்தார்கள். நடுவில் பன்னிரண்டு பற்கள், வெளிக்கூட்டில் பதினான்கு காந்தங்கள். மூவரின் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து எல்ஆர்கே என்று அந்தச் சுற்றுமுறை பெயர்பெற்றது. பதினான்கு துருவம் என்றால் ஏழு ஜோடி. உள்ளே மின்சுழற்சி ஏழு தடவை முடிந்தால்தான் வெளிக்கூடு ஒரு முழுச் சுற்று சுழலும். அதாவது கியர் பெட்டி மறைந்துவிடவில்லை. காந்தத்துக்குள் குடிபோய்விட்டது. உடைய அதில் பல் கிடையாது.

காப்புரிமைப் பூட்டுக்குள் இதை அடைத்துவைக்காமல், எத்தனை சுற்று, எந்தக் கம்பி, எந்தப் பல்லில் எந்தத் திசை என்று எல்லாவற்றையும் வரைந்து பகிர்ந்துகொண்டார்கள். செக் நாட்டின் ஆக்ஸி போன்ற கடைச்சரக்கு மோட்டார்கள் வந்தன. பின்னாலேயே சீனத் தொழிற்சாலைகள் விலையைப் பத்தில் ஒன்றாக்கின. அதே சமயத்தில் லித்தியம் பாலிமர் பேட்டரியும் வந்துசேர்ந்தது. நிக்கல்-காட்மியம் ஒரு கிலோவில் 40 வாட்-மணி கொடுத்த இடத்தில் இது 150 கொடுத்தது. நாலைந்து வருடத்தில் மைதானங்களில் எஞ்சின் சத்தம் சிறுபான்மையாகிவிட்டது.

சரி, எதை வாங்குவது?

இவ்வளவு சரித்திரமும் ஒரு சின்னக் கணக்கில் அடங்கும். இறக்கை மேலே இருக்கும், நிதானமான, 1.2 கிலோ பயிற்சி விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

முதலில் சக்தி. இப்படிப்பட்ட விமானத்துக்குக் கிலோவுக்கு 200 வாட் தாராளம் என்பது அனுபவக் கணக்கு. சாகசப் பறப்புக்கு 300-ஐத் தாண்டும். நமக்கு 240 வாட். மோட்டாரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேர்ந்து முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே கொண்டுசேர்த்தால் ப்ரொப்பெல்லருக்குப் போவது 185 வாட்டை ஒட்டி.

அடுத்தது ப்ரொப்பெல்லர். தரையில் இடிக்காமல் பதினொரு அங்குலம் சுழல இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 11-க்கு 5.5 என்ற அளவு, அதாவது விட்டம் 11 அங்குலம், பிட்ச் 5.5 அங்குலம், நிமிடத்துக்கு 8000 சுற்றில் ஏறக்குறைய அந்த 185 வாட்டைத் தின்னும். அந்த வேகத்தில் ப்ரொப்பெல்லர் ஏட்டளவில் மணிக்கு 67 கிலோமீட்டர் முன்னேறும். இந்த ரக விமானம் காற்றில் நிற்க முடியாமல் விழும் வேகம் 27, 28 கிலோமீட்டர் இருக்கும். பிட்ச் வேகம் அதைப்போல இரண்டரை மடங்கு என்பது நல்ல பொருத்தம். பிட்ச் குறைவென்றால் ஏறும், ஓடாது. அதிகமென்றால் கிளம்பவே சோம்பல்படும்.

பிறகு பேட்டரி. மூன்று கலம், 11.1 வோல்ட், சுமையில் பத்தரைக்கு இறங்கும். 240-ஐப் பத்தரையால் வகுத்தால் 23 ஆம்பியர். 2200 மில்லியாம்பியர்-மணி பேட்டரி போட்டு, முழு வேகத்தில் ஓட்டாமல் நிதானமாகப் பறந்தால் எட்டிலிருந்து பத்து நிமிடம்.

கடைசியில்தான் மோட்டார். சுமையோடு சுழலும்போது கேவிக் கணக்கில் நூற்றுக்கு 78 கிடைக்கும் என்று வைத்தால், பத்தரை வோல்ட்டில் 8000 சுற்று வர 975-ஐ ஒட்டிய கேவி வேண்டும். ஒரு கிராம் மோட்டார் மூன்று வாட்டைத் தாங்கும் என்பது மைதானக் கணக்கு. கொஞ்சம் உபரியோடு 100 கிராம். கட்டுப்பாட்டுப் பெட்டி 40 ஆம்பியர். முடிந்தது. அந்த அனுபவசாலி சொன்னபடி மோட்டார் தானாக வந்து நின்றுவிட்டது. ப்ரொப்பெல்லரை மாட்டிய பிறகு வாட் மீட்டரை இணைத்து ஒருமுறை முழு வேகத்தில் அளந்துவிடுங்கள். முடியாது என்று மோட்டார் சொல்லாது, மீட்டர் சொல்லும்.

ஒரே அலமாரி

கம்பி சுற்றிக்கொண்டிருந்தவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுடைய வெளிக்கூடு மோட்டார் நான்கு மூலைகளில் நான்காக உட்கார்ந்து ட்ரோன் ஆயிற்று. காவிரி டெல்டா வயல்களில் மருந்து தெளிக்கிற ட்ரோனை அருகே போய்ப் பாருங்கள். முப்பது அங்குல விட்டத்தில் மடங்கும் ப்ரொப்பெல்லர், வோல்ட்டுக்கு நூறு சுற்று மட்டுமே போகும் தட்டையான மோட்டார், நாற்பது வோல்ட்டுக்கு மேல் பேட்டரி. மருந்துத் தொட்டியைச் சுமந்துகொண்டு அந்தரத்தில் நிற்க வேண்டும் என்பதால் பெரியது, மெதுவானது. பெனோவின் ரப்பர் சொன்ன அதே பாடம். பழைய 75 வாட் சீலிங் ஃபேனுக்குப் பதிலாக இப்போது கடைகளில் விற்கும் முப்பது வாட் ஃபேனுக்குள்ளும் காந்தக்கூடு சுழலும் பிரஷ் இல்லாத மோட்டார்தான் இருக்கிறது.

உக்ரைன் போர்முனையில் குண்டைக் கட்டிக்கொண்டு பாய்கிற ட்ரோன்களிலும் இருப்பது இதே வம்சம்தான். அங்கே ப்ரொப்பெல்லர் ஏழெட்டு அங்குலம், பத்து அங்குலம். கேவி பல மடங்கு அதிகம். அந்தரத்தில் நீண்ட நேரம் நிற்பது அவற்றின் வேலை இல்லை, போய்ச் சேர்ந்தால் போதும். திரும்பிவர வேண்டியதுமில்லை.

மோட்டார் கடையில் இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. ஒரே தாமிரம், ஒரே காந்தம். எது எதற்குப் போகிறது என்று தெரிந்துகொள்ள முன்னால் மாட்டப்போகிற ப்ரொப்பெல்லரைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.